காற்றும் வெயிலும் சேர்ந்த மின்சாரம்: செம்பட்டிப் பக்கத்துக் கிணற்றுப் பாசனத்திற்கு அது உதவுமா?

திண்டுக்கல்லிலிருந்து தென்மேற்கே செல்லும் சாலையானது வத்தலக்குண்டு, ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை ஆகிய ஊர்களுக்குப் பிரிந்து செல்லும் இடத்திலே செம்பட்டி அமைந்திருக்கின்றது. மேற்கே பழனி மலைத் தொடரும் கிழக்கே சிறுமலையும் நிற்க, இடையிலுள்ள செம்மண் பூமியில் தென்னை, வாழை, திராட்சை, மல்லிகை, வெங்காயம், காய்கறிகள் முதலியவை பயிராகின்றன. குடகனாற்றிலும் கண்மாய்களிலும் தண்ணீர் வருவது மழையைப் பொறுத்ததாதலால், இப்பக்கத்து விவசாயிகள் பெரும்பாலும் கிணற்றையே நம்பியிருக்கின்றனர். கிணற்றிலுள்ள நீரை மேலே கொண்டுவருவதற்கு முன்னோர் கமலையும் மாடுகளும் வைத்திருந்தனர். அதன்பின் எண்ணெய் எஞ்சின் வந்தது. அதற்குப்பின் மின்சார பம்பு வந்தது. ஒவ்வொரு மாறுதலிலும் தண்ணீர் சுலபமாகக் கிடைத்தது. கிணறும் ஆழமாகிக்கொண்டே வந்தது.

காற்றாடி யந்திரத்தையும் சூரிய ஒளித் தகடுகளையும் ஒருங்கே வைத்து, அவற்றில் விளையும் மின்சாரத்தைப் பாட்டரியில் சேமித்து, இரவும் பகலும் மோட்டாரை ஓட்டலாம் என்ற பேச்சு இப்போது கிராமங்களில் அடிபடுகின்றது. விற்பனைக்கு வருவோர் சொல்லும் ஆதாயங்களைக் கேட்டு முன்பணம் கொடுப்பதற்கு முன்னர், இவ்வேற்பாட்டின் தன்மையை விவசாயிகள் தாமே கணக்கிட்டு அறிந்துகொள்ளுதல் நலம். அதற்கு உதவியாகவே இக்கட்டுரை வரையப்படுகின்றது.

காற்றும் வெயிலும் மாறி மாறி வருதல்

இவ்விரண்டையும் சேர்த்து வைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. மாசி முதல் சித்திரை முடிய வெயில் கடுமையாகவும் வானம் தெளிவாகவும் இருக்கும், காற்று குறைவு. வைகாசி முதல் ஆவணி வரையில் தென்மேற்குப் பருவக்காற்று மலைக் கணவாய்களின் வழியே புகுந்து வீசும். அக்காலத்தில் மேகம் அடிக்கடி வெயிலை மறைக்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்னும் பழமொழி இக்காலத்தைக் குறித்தே எழுந்தது. வெயில் பகலில் மாத்திரம் உண்டு; காற்றோ இரவிலும் வீசக்கூடும். ஆகவே ஒன்று தளரும்போது மற்றொன்று கை கொடுக்கும். சேமிப்பதற்கு வேண்டிய பாட்டரியின் அளவும் ஓரளவு குறையும்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் நாட்களில் வெயிலும் குறைவு, காற்றும் குறைவு. பாசனத்தைப் பொறுத்தவரை இதனால் பெரிய நஷ்டமில்லை; மழை பெய்யும்போது கிணற்று நீருக்குத் தேவையில்லை. வீட்டு விளக்கிற்கோ அப்படிச் சொல்ல இயலாது. பயிருக்கு வேண்டிய மின்சாரமும் வீட்டிற்கு வேண்டிய மின்சாரமும் வெவ்வேறு கணக்குகள் என்பதை இதனால் அறியலாம்.

காற்றின் கணக்கு

தமிழ் நாட்டில் மின்சாரத்திற்கான காற்றாலைப் பண்ணை 1986-ஆம் வருஷத்தில் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கப்பட்டது. 2024-ஆம் வருஷத்தில் இம்மாநிலத்துக் காற்றாலைகளின் மொத்தச் சக்தி 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. இவை எல்லா இடங்களிலும் பரவலாக நிற்கவில்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரிலுள்ள உடுமலைப்பேட்டை, பல்லடம், தாராபுரம் பகுதிகளிலும், ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், செங்கோட்டைக் கணவாய்க்குக் கிழக்கிலும், கம்பம் கணவாயைச் சார்ந்த ஆண்டிபட்டிப் பக்கத்திலுமே திரளாக நிற்கின்றன. மலைகளின் இடைவெளியில் காற்று ஒடுங்கிப் பாயும் இடங்கள் அவை. செம்பட்டியோ பழனி மலைத் தொடரின் கிழக்கு அடிவாரத்தை அடுத்துள்ளது. ஒரு கணவாயின் நேர்ப்பாதையில் இருக்கும் நிலத்திற்கும் மலையின் மறைவில் இருக்கும் நிலத்திற்கும் காற்றில் பெரிய வித்தியாசம் உண்டு. தாராபுரத்தில் காற்றாலை சுழல்கின்றதே என்று பார்த்துவிட்டு இங்கும் ஒன்றை நாட்டுவது, நஞ்சை நிலத்து விளைச்சலைப் பார்த்து மானாவாரியில் நாற்று நடுவதற்கு ஒப்பாகும்.

காற்றின் வேகம் பாதியானால் அதிலிருந்து கிடைக்கும் சக்தி பாதியாவதில்லை. எட்டில் ஒரு பங்காகிவிடும். வினாடிக்கு 11 மீட்டர் வேகத்தில் ஒரு கிலோவாட் தரும் என்று முத்திரையிட்ட சிறு காற்றாடி, வினாடிக்கு ஐந்தரை மீட்டர் வேகத்தில் சுமார் 125 வாட்தான் தரும். யந்திரத்தின் மேல் எழுதியுள்ள எண் கடுங்காற்றுக்கு உரியது. நாம் பெறுவது நம் தோட்டத்துக் காற்றுக்கு உரியது. வாங்குவோர் கேட்க வேண்டியது, “எத்தனை கிலோவாட்?” என்பதன்று; “என் நிலத்துக் காற்றில் மாதத்திற்கு எத்தனை யூனிட்?” என்பதே.

மேலும், மரங்களைக் கடந்து வரும் காற்று சுழிபட்டு வலிமை இழக்கும். காற்றாடியின் தலை, 300 அடிக்குள் இருக்கும் எந்த மரத்தையும் கட்டிடத்தையும்விட 30 அடி உயர்ந்திருத்தல் வேண்டும் என்பது பொது விதி. தென்னந்தோப்பில் மரங்கள் 60 அடி உயரமானால் கோபுரம் 90 அடியாக வேண்டும். அதற்கு அஸ்திவாரம், இழுகம்பிகள், இடிதாங்கி, ஆண்டுதோறும் மேலே ஏறிப் பழுது பார்க்க ஆள் ஆகிய யாவும் தேவை. தோப்பு நடுவே தாழ்ந்த கம்பத்தில் காற்றாடி வைப்பது வீண் செலவு.

வெயிலின் கணக்கு

சூரிய ஒளித் தகடுகளின் கணக்கு இவ்வளவு சிக்கலானதன்று. நம் நாட்டு வெயிலில், ஒரு கிலோவாட் தகடு சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் தரும். 5 குதிரைச் சக்தி பம்புக்குச் சுமார் 4.8 கிலோவாட் தகடுகள் வைப்பது வழக்கம். ஆகவே நல்ல நாளில் 19 யூனிட் எதிர்பார்க்கலாம். இதற்கு ஒரு சென்ட் நிலத்திற்குச் சிறிது அதிகமாக இடம் பிடிக்கும். தகடுகள் தெற்கு நோக்கி, பத்து, பன்னிரண்டு பாகை சாய்வாக இருந்தால் போதும். ஒரு தென்னை மட்டையின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலும் அதனோடு தொடராக இணைத்த தகடுகளின் மின்சாரமும் குறைந்துவிடும். செம்மண் புழுதி படியும் இப்பக்கத்தில் கோடையில் வாரம் ஒருமுறை காலையில் தண்ணீர் விட்டுத் துடைத்தல் அவசியம்.

இனி, இம்மின்சாரத்தால் எவ்வளவு தண்ணீர் ஏறும் என்று பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஓர் அங்குல உயரத்திற்கு நீர் நிறுத்த ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் வேண்டும். அதை 100 அடி ஆழத்திலிருந்து தூக்க உண்மையில் செலவாக வேண்டிய சக்தி 8 யூனிட்டுக்குச் சற்று அதிகம். பம்பு, மோட்டார், குழாய் ஆகியவற்றில் ஏற்படும் சேதாரத்தையும் சேர்த்தால் சுமார் 20 யூனிட் ஆகும். ஆகவே 100 அடி நீர் மட்டமுள்ள கிணற்றில் 5 குதிரைச் சக்திச் சூரிய பம்பு ஒரு நாளில் ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பாய்ச்சும் என்று கொள்ளலாம். நீர் மட்டம் 200 அடிக்கு இறங்கினால் அதில் பாதிதான்.

இதே 1 லட்சம் லிட்டரைச் சொட்டு நீராகக் கொடுப்பதாயின், ஒரு தென்னைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 100 லிட்டரும், ஏக்கருக்கு 70 மரங்களும் வைத்து, 14 ஏக்கருக்கு ஒரு நாளைக்குப் போதும். வெள்ளமாகப் பாய்ச்சிய ஓர் அங்குலம் நாலைந்து நாள் தாங்கும் என்று வைத்துக்கொண்டாலும், மிச்சம் பெரிதே. புதிய யந்திரத்தில் போடும் முதலைவிடச் சொட்டு நீர்க் குழாயில் போடும் முதல் சீக்கிரம் பலன் தரும் என்பதை இக்கணக்கே காட்டும்.

பாட்டரியின் குணமும் குற்றமும்

பாட்டரிகளில் இரண்டு வகைகள் வழக்கத்தில் உள்ளன. ஈயமும் அமிலமும் கொண்ட பாட்டரி 1859-இல் பிரெஞ்சு விஞ்ஞானி கஸ்தோன் பிளாந்தேயால் கண்டுபிடிக்கப்பட்டது. லித்தியம் பாட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடிகோலிய மூவருக்கு 2019-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

ஈயப் பாட்டரியின் விலை குறைவு. பழுது பார்ப்போர் அருகிலேயே கிடைப்பர். ஆயினும் அதில் நிரப்பிய மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகத் திரும்பி வராது. அதன் கொள்ளளவில் பாதிக்கு மேல் அடிக்கடி எடுத்தால் ஆயுள் குறையும். வெப்பம் அதற்குப் பெரும் பகை. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பர். தகரக் கூரையின்கீழ் மோட்டார் கொட்டகையில் அதை வைப்போர் இரண்டு கோடைகளில் வருந்த நேரிடும். மின்சாரம் ஏற்றும்போது தீப்பற்றக்கூடிய வாயு வெளிவருமாதலால், காற்றோட்டமுள்ள அறையில், அடுப்புக்கும் புகைப்பதற்கும் இடமில்லாமல் வைக்க வேண்டும். வடிநீர் தவிர வேறு நீர் ஊற்றலாகாது. லித்தியம் பாட்டரியில் சேதாரம் பத்தில் ஒரு பங்குக்கு உட்பட்டது, பத்தில் எட்டுப் பங்கு வரை எடுக்கலாம், ஆயுளும் அதிகம். ஆனால் முதற்செலவு மிகுதி. அதன் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் உள்ளூரில் சரி செய்தல் அரிது.

இப்போது இரவில் பம்பை ஓட்டுவதற்குப் பாட்டரி எவ்வளவு வேண்டும் என்று பார்ப்போம். மேலே கண்ட 20 யூனிட்டைச் சேமிக்க, பாதியளவே எடுக்கலாம் என்பதால் 40 யூனிட் கொள்ளும் ஈயப் பாட்டரி தேவை. கடையில் கிடைக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர் மணிப் பாட்டரி ஒன்று 1.8 யூனிட் கொள்ளும். ஆகவே 22 பாட்டரிகளுக்குக் குறையாமல் வேண்டும். அவ்வளவும் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியவை. ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலத் தண்ணீரை இரவில் பாய்ச்சுவதற்காக இச்செலவு செய்தல் எவ்விதத்திலும் கட்டுப்படியாகாது.

தோட்டத்து வீட்டிற்கும் மாட்டுக் கொட்டகைக்கும் கணக்கு வேறு. 9 வாட் விளக்குகள் நான்கு 5 மணி நேரமும், 70 வாட் விசிறிகள் இரண்டு 8 மணி நேரமும் ஓட, கைபேசிக்கும் வேலி மின்கருவிக்கும் சிறிது சேர்த்தால், ஓரிரவுக்கு 1.4 யூனிட் ஆகும். இரண்டு இரவுகளுக்கு இருப்பு வைத்தாலும் மேற்படி பாட்டரிகள் நான்கு போதும்; லித்தியமாயின் மூன்றரை யூனிட் அளவு போதும். ஒரு கிலோவாட் தகடு இதைத் தாராளமாக நிரப்பும். மாட்டுத் தீவனம் நறுக்கும் யந்திரம் போன்றவற்றைப் பகலிலேயே ஓட்டிக்கொள்ள வேண்டும். இந்த அளவில்தான் பாட்டரி விவசாயிக்கு உற்ற துணையாகும்.

தண்ணீரே பாட்டரி

பாசனத்திற்குச் சேமிக்க வேண்டியது மின்சாரமன்று, தண்ணீர். இதைப் பெரிய அளவில் நம் மின்சார இலாகாவினரே செய்து காட்டியிருக்கின்றனர். கோயமுத்தூர் ஜில்லாவில் கடம்பாறை என்னுமிடத்தில் 1980-களின் பிற்பகுதியில் ஏற்பட்ட 400 மெகாவாட் நிலையத்தில், மின்சாரம் மிகுதியாக உள்ள நேரத்தில் கீழ்நீர்த்தேக்கத்திலிருந்து மேலணைக்குத் தண்ணீர் ஏற்றப்பட்டு, தேவை மிகுந்த நேரத்தில் அத்தண்ணீர் இறக்கப்பட்டு மின்சாரம் எடுக்கப்படுகின்றது.

தோட்டத்தில் இதைவிட எளிதாகச் செய்யலாம். தண்ணீரை மறுபடி மின்சாரமாக்க வேண்டியதே இல்லை. நிலத்தின் மேட்டு மூலையில் 25 அடி நீளம், 24 அடி அகலம், 6 அடி ஆழமுள்ள தொட்டி ஒன்று கட்டினால் அதில் 1 லட்சம் லிட்டர் நிற்கும். பகல் முழுதும் வெயிலால் ஏறிய நீர் மாலையிலோ மறுநாள் விடியற்காலையிலோ தானாகவே வாய்க்காலில் இறங்கும். கோடையில் அத்தொட்டியிலிருந்து ஆவியாவது நாளொன்றுக்குச் சுமார் 300 லிட்டர், அதாவது ஆயிரத்தில் மூன்று பங்கு. பாட்டரியில் போவதோ நூற்றில் பத்து முதல் இருபத்தைந்து பங்கு வரை. தொட்டி பல வருஷங்கள் நிற்கும். கொத்தனார் ஒருவர் அதைப் பழுது பார்ப்பார்.

இரண்டு உதாரணங்கள்

காற்று, வெயில், பாட்டரி மூன்றும் சேர்வது எங்கே பொருந்தும் என்பதற்கு யாழ்ப்பாணத்துக் கடலிலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய தமிழர் தீவுகள் நல்ல உதாரணம். பெருநிலத்து மின்கம்பி எட்டாத இத்தீவுகள் டீசல் எஞ்சின்களையே நம்பியிருந்தன. இந்திய சர்க்காரின் நன்கொடையைக் கொண்டு இங்கே கலப்பு மின்நிலையங்கள் அமைப்பதற்கு 2024 மார்ச் 1-ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மூன்று தீவுகளுக்கும் சேர்த்து 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் வெயில், 2,400 யூனிட் பாட்டரி, இவற்றுக்கு மேல் 2,500 கிலோவாட் டீசல் எஞ்சின் என்பது திட்டம். இதில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. வெயிலின் பங்கு காற்றினதைப் போல மூன்று மடங்குக்கு மேற்பட்டது. பாட்டரி முழுவதும் நிரம்பியிருந்தாலும், டீசல் எஞ்சின் முழுச்சக்தியில் ஒரு மணி நேரத்தில் தருவதைவிடக் குறைவாகவே அதில் இருக்கும். எல்லாவற்றையும் பாட்டரியில் ஏற்றிவிடலாம் என்று அதை வகுத்தவர்களே எண்ணவில்லை. இடைவெளியை நிரப்பவே அதை வைத்தனர்.

மற்றோர் உதாரணம் மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணத்தைச் சமாளிக்க, அப்பஞ்சாயத்தார் தம் சேமிப்பையும் வங்கிக் கடனையும் கொண்டு 2006-இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றைச் சுமார் 1.55 கோடி ரூபாயில் வாங்கினர். அதை அவர்கள் தம் ஊரில் நாட்டவில்லை. காற்று மிகுந்த உடுமலைப்பேட்டைப் பக்கத்து மைவாடியில் நாட்டினர். பாட்டரியும் வாங்கவில்லை, விளைந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பியில் செலுத்திக் கணக்கில் வரவு வைத்தனர். கம்பி உள்ள இடத்தில் கம்பியே சேமிப்புக் கிடங்கு என்பதும், காற்றாலையைக் காற்று இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதும் இதனால் விளங்கும். செம்பட்டிச் சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகள் சிந்திக்கத்தக்க வழி இது.

கிணற்றைப் பற்றிய எச்சரிக்கை

திண்டுக்கல் ஜில்லாவில் பல பிர்க்காக்கள், ஊறுவதைவிட அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கப்படும் பகுதிகள் எனக் கணக்கிடப்பட்டிருக்கின்றன. எண்ணெய் எஞ்சின் காலத்தில் எண்ணெய்ச் செலவு விவசாயியின் கையைப் பிடித்தது. சிறு விவசாயிகளுக்கு 1984-லும், எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் பம்புக்கு இலவச மின்சாரம் வந்த பின்னர் அக்கட்டுப்பாடு போயிற்று. மின்சாரம் வரும் நேரம் ஒன்றே எல்லையாயிற்று. வெயிலால் ஓடும் பம்புக்கு அந்த எல்லையும் இல்லை. இதற்குப் பாட்டரியும் காற்றாடியும் சேர்ந்து இரவிலும் ஓடுமானால், ஒருவர் தோட்டம் செழிக்க அடுத்தவர் கிணறு வற்றும். பின்பு அவர் கிணறும் வற்றும். தகடுகளின் ஆயுள் 25 வருஷம் என்று சொல்லி விற்கிறார்கள். கிணற்றில் அத்தனை வருஷம் தண்ணீர் இருக்குமா என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

1. மின் இணைப்பு உள்ள கிணற்றுக்குக் காற்றாடியும் பாட்டரியும் வாங்க வேண்டாம். சொட்டு நீரும் தொட்டியும் அமைத்தல் முதற்கடமை.

2. இணைப்புக்குக் காத்திருப்போரும், கம்பி எட்டாத நிலமுடையோரும் பாட்டரி இல்லாத சூரிய பம்பை நாடலாம். 2019-இல் மத்திய சர்க்கார் தொடங்கிய குசும் திட்டத்தின் விதிப்படி, இத்தகைய பம்புகளுக்கு மத்திய சர்க்கார் 30 சதவிகிதமும், மாநில சர்க்கார் குறைந்தது 30 சதவிகிதமும் மானியம் தருவது என்று ஏற்பட்டது. மானிய விகிதமும் நிபந்தனைகளும் அவ்வப்போது மாறுமாதலால், வேளாண்மைப் பொறியியல் இலாகாவின் அலுவலகத்தில் நேரில் கேட்டறிந்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும்.

3. காற்றாடி வைக்க விரும்புவோர், வைக்கப்போகும் உயரத்திலேயே ஒரு வருஷமாவது, குறைந்தபட்சம் வைகாசி முதல் ஆவணி வரையிலாவது காற்றின் வேகத்தை அளந்து எழுதி வைக்க வேண்டும். அதற்குமுன் முன்பணம் கொடுக்கலாகாது.

4. பாட்டரியை வீட்டு விளக்கு, விசிறி, வேலி ஆகியவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்க. நிழலும் காற்றோட்டமும் உள்ள சுவர் அறையில் வைக்க.

5. ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் மோட்டார் ஓடுமுன் கிணற்று நீர் மட்டத்தைக் கயிறு விட்டு அளந்து குறித்துக்கொள்க. தொடர்ந்து இரண்டு வருஷம் ஒரே மாதத்தில் மட்டம் இறங்கினால், பயிரைக் குறைக்க வேண்டுமேயன்றிப் பம்பைப் பெருக்கலாகாது.

6. கிராம நிர்வாக அலுவலர்கள் சிட்டா, அடங்கல் நகல்களைத் தாமதமின்றிக் கொடுத்து உதவுவதோடு, புதிய பம்பு வைப்போரின் கிணற்று விவரத்தையும் அண்டைக் கிணறுகளின் நிலையையும் குறித்து வைப்பது ஊருக்கு நன்மை பயக்கும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்றனர் பெரியோர். களத்தில் தூற்றுவோர் காற்று வரும் திசையையும் நேரத்தையும் பார்த்த பின்னரே முறத்தை எடுப்பர். செம்பட்டிப் பக்கத்தில் வெயில் நம்பத்தக்கது. காற்று அளந்து பார்த்து நம்பத்தக்கது. பாட்டரி சிறிதளவில் உதவத்தக்கது. கிணறு ஒன்றே மாற்று வாங்க இயலாதது. அதைக் காத்துக்கொண்டு மற்றவற்றைச் சேர்த்துக்கொள்வோர் நஷ்டமடையார்.